நீல் யங் பாடல்களை வரிசைப்படுத்தும் வாக்கெடுப்பு: இராமநாதபுரம் கடற்கரை ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பாடகரின் பாடல்களில் எது சிறந்தது என்று இரண்டு ரசிகர்கள் பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சுக்கு எந்த விதியும் தேவையில்லை. அதையே முப்பது பேர் கூடி, ஒன்று முதல் இருபத்தைந்து வரை எண்ணிட்ட ஒரு பட்டியலாக்கி, 'இது எங்கள் வட்டாரத்து ரசிகர்களின் முடிவு' என்று பொதுவில் வைக்க வேண்டுமானால், விதியும் தாளும் தேதியும் இல்லாமல் முடியாது. நீல் யங்கின் பாடல்களுக்கு அப்படியொரு வாக்கெடுப்பை இராமநாதபுரம், மண்டபம், பாம்பன், கீழக்கரை ரசிகர்கள் சிலர் சேர்ந்து நடத்தினோம். எப்படிச் செய்வது என்று முழுமையாகச் சொல்லித் தர எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை; இடையிடையே முளைத்த சச்சரவுகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துத்தான் கரை சேர்ந்தோம். இனி நடத்தப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வேறொரு பாடகரை எடுத்துக்கொண்டாலும் இந்த முறை பெரும்பாலும் பொருந்தும்.

நீல் யங் 1945-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்தவர். 1960-களின் நடுப்பகுதியிலிருந்து எழுதியும் பாடியும் வருபவர். இந்த வேலைக்கு அவரைப் பற்றி முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். மற்றவை பாடல்களோடு சேர்ந்தே வரும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடல்கள் போட்டியில் உள்ளன, யார் வாக்களிக்கலாம், வாக்குகளை எப்படி எண்ணுவோம் என்ற மூன்றும் முதல் வாக்கு விழுவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். வாக்கு விழத் தொடங்கிய பிறகு எழுதப்படும் விதி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், தன் பாட்டு கீழே போனவருக்கு அது சூழ்ச்சியாகவே தோன்றும்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

மற்ற ஊர்களில் நாள் குறிப்பது கடைசி வேலையாக இருக்கலாம். நம் கடற்கரையில் அதுதான் முதல் வேலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், இராமேசுவரம் பகுதிகளில் விசைப்படகில் போகும் இளைஞர்கள் மாலையில் ஓய்வாக வீட்டில் இருக்கும் காலம் அதுதான். எங்கள் குழுவில் கிட்டார் இசையை மிகக் கூர்ந்து கேட்பவர்கள் அவர்களே என்பதால், மே மாதத்தை விட்டு வேறு மாதத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஆகவே அவர்கள் எந்த நேரத்தில் கடலுக்குப் போகிறார்கள், எப்போது கரை திரும்புகிறார்கள் என்று கேட்டு, அதற்கேற்பக் கூட்ட நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாள்களும் உண்டு. செப்டம்பர் 11, அக்டோபர் 30 ஆகிய நினைவு நாள்களையொட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு நடைமுறைக்கு வருவது வழக்கம். அந்த வாரங்களில் கூட்டத்துக்கும் வாகனத்துக்கும் கட்டுப்பாடு இருக்கும் என்பதால் அங்கே நாள் குறிக்கவே வேண்டாம். நவம்பரிலும் டிசம்பரிலும் வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கையும் வரும். பாம்பனில் கூண்டு ஏற்றிவிட்டால் யாரும் பாட்டுக் கேட்க வர மாட்டார்கள், வரச் சொல்லவும் கூடாது. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் இராமேசுவரம் பேருந்துகளில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ரமலான் மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பகுதி நண்பர்களுக்கு மாலைக் கூட்டம் தோதுப்படாது. மற்ற மாதங்களிலும் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்து, மாலைத் தொழுகை நேரத்தையே இடைவேளையாக வைத்துவிட்டால் எவரும் எழுந்து போக வேண்டிய சங்கடம் இருக்காது.

முதல் அறிவிப்பிலிருந்து முடிவு வெளியாகும் நாள் வரை ஆறு வாரங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் தயாரிக்க இரண்டு வாரம், பட்டியல் மீதான ஆட்சேபங்களுக்கு ஒரு வாரம், கேட்பதற்கும் வாக்களிப்பதற்கும் இரண்டு வாரம், எண்ணிச் சரிபார்க்க ஒரு வாரம் என்று பிரித்துக்கொண்டால் போதும். இதைவிட நீட்டினால் ஆர்வம் வடிந்துவிடும். சுருக்கினால் புதிதாகக் கேட்க வந்தவர்கள் பெயர் தெரிந்த பாடல்களுக்கு மட்டுமே வாக்களித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

2. எது அவருடைய பாட்டு என்பதை வரையறுங்கள்

சச்சரவுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கும். இந்தப் படியில் காட்டும் பொறுமை பின்னால் எத்தனையோ மனத்தாங்கல்களைத் தவிர்க்கும் என்பதால், இதற்கு மட்டும் ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள்.

முதல் கேள்வி, குழுக்களோடு அவர் பாடியவற்றைச் சேர்ப்பதா என்பது. தனிப்பெயரில் வெளியிட்டவற்றுக்கு முன்பே பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு குழுவில் இருந்தார். பின்னர் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் ஆகியோருடன் நால்வர் குழுவாகவும் பாடினார். 'ஹெல்ப்லெஸ்', 'ஓஹாயோ' என்ற இரண்டும் 1970-இல் அந்த நால்வர் பெயரில் வந்தவை, எழுதியவர் இவர். தனிப்பெயர்ப் பாடல்கள் மட்டும் என்று விதி வைத்தால் இந்த இரண்டும் வெளியே போய்விடும். பாதி ரசிகர்கள் அதை ஏற்க மாட்டார்கள். குழுப் பாடல்கள் எல்லாம் உண்டு என்று விதி வைத்தாலோ, வேறொருவர் எழுதியவையும் உள்ளே நுழைந்துவிடும். பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டின் மிகப் புகழ்பெற்ற பாடலான 'ஃபார் வாட் இட்ஸ் வொர்த்' ஸ்டீபன் ஸ்டில்ஸ் எழுதிப் பாடியது. அதே குழுவின் 'மிஸ்டர் சோல்' நீல் யங்குடையது. ஆகவே 'அவரே எழுதி, அவரே முதன்மைக் குரலாகப் பாடியது' என்பதே பாதுகாப்பான விதி. பதிவில் எந்தக் குழுவின் பெயர் இருந்தாலும் கவலையில்லை.

இந்த விதியை ஏற்றுக்கொண்டால் இன்னொரு சிக்கலும் தானே தீர்ந்துவிடும். 1978-இல் வந்த 'கம்ஸ் எ டைம்' ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'ஃபோர் ஸ்ட்ராங் விண்ட்ஸ்' இயான் டைசன் எழுதியது. 2014-இல் வந்த 'எ லெட்டர் ஹோம்' முழுக்க முழுக்கப் பிறருடைய பாடல்களால் ஆனது. குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக இவற்றைப் பட்டியலில் வைத்தால், ஓர் எழுத்தாளரின் பாடல்களை வரிசைப்படுத்துகிறோம் என்ற நோக்கமே குலைந்துவிடும்.

அடுத்தது, ஒரே பாட்டின் பல வடிவங்கள். நீல் யங் இதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறார். 1989-இல் வந்த 'ஃப்ரீடம்' ஆல்பம் 'ராக்கின் இன் த ஃப்ரீ வேர்ல்டு' பாடலின் தனிக் கிட்டார் வடிவத்தில் தொடங்கி, அதன் மின்கிட்டார் வடிவத்தில் முடிகிறது. 1975-இல் வந்த 'டுநைட்ஸ் த நைட்' ஆல்பமும் தலைப்புப் பாடலில் தொடங்கி அதன் இன்னொரு வடிவத்தில் முடிகிறது. 1979-இன் 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' ஆல்பத்தில் முதலில் வரும் 'மை மை, ஹே ஹே', கடைசியில் வரும் 'ஹே ஹே, மை மை' ஆகிய இரண்டுக்கும் மெட்டு ஒன்று, பெயர் வேறு, வரிகளிலும் சிறு மாற்றம் உண்டு. இவற்றைத் தனித்தனியே எண்ணினால் ஒரு பாட்டின் வாக்கு இரண்டாக உடைந்து, இரண்டுமே கீழே இறங்கிவிடும். 'வடிவங்கள் எத்தனை இருந்தாலும் பாட்டு ஒன்றே' என்று விதி எழுதி, கூட்டத்தில் ஒலிக்கப் போகும் வடிவம் எது என்பதையும் பட்டியலிலேயே குறித்துவிடுங்கள். 'மை மை, ஹே ஹே' இணையை மட்டும் இரண்டு பாடல்களாகக் கொள்ள வேண்டும் என்று வாதிடுபவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள்; அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த ஒன்றை மட்டும் கை உயர்த்தி முடிவு செய்து, முடிவை விதித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

'ஸ்டூடியோப் பதிவுகள் மட்டும்' என்ற விதியை மட்டும் வைத்துவிடாதீர்கள். கேட்பதற்குத் தூய்மையாகத் தோன்றும் இந்த விதி இவருடைய விஷயத்தில் உடைந்துவிடும். 1972-இன் 'ஹார்வெஸ்ட்' ஒரு ஸ்டூடியோ ஆல்பம்தான். ஆனால் அதிலுள்ள 'த நீடில் அண்ட் த டேமேஜ் டன்' மேடையில் பதியப்பட்டது, முடிவில் கைதட்டல் கேட்கும். 1973-இன் 'டைம் ஃபேட்ஸ் அவே' முழுவதும் மேடைப் பதிவு, ஆனால் பாடல்கள் எல்லாம் அதுவரை வெளிவராத புதியவை. 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' பெரும்பகுதி மேடையில் பதிந்து, கூட்டத்தின் ஒலியை நீக்கி, மேலே சில சேர்க்கைகள் செய்யப்பட்டது. எனவே 'ஒரு பாட்டு அவருடைய ஆல்பத்தில் அல்லது தனித்தட்டில் முதன்முதலில் அதிகாரபூர்வமாக வெளிவந்த வடிவம்' என்று எழுதுங்கள். மேடையா, ஸ்டூடியோவா என்ற கேள்வியே எழாது.

ஆண்டுகளைக் குறிக்கும்போதும் கவனம் தேவை. 'ஹோம்குரோன்' 1974, 1975 ஆண்டுகளில் பதியப்பட்டு 2020-இல் வெளியானது. 'ஹிட்ச்ஹைக்கர்' 1976-இல் பதியப்பட்டு 2017-இல் வெளியானது. பத்தாண்டு வாரியாகப் பிரித்து உப பட்டியல் போட நினைப்பவர்கள், பதிவான ஆண்டா, வெளியான ஆண்டா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். வெளியான ஆண்டே எளிது, ஏனெனில் அது உறையில் அச்சாகியிருக்கும்.

புதியவர்கள் வழக்கமாகச் சிக்கும் இரண்டு பொறிகளையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா என்ற குழு பாடிய 'எ ஹார்ஸ் வித் நோ நேம்' பாட்டை நீல் யங்குடையது என்று எண்ணிப் பட்டியலுக்குப் பரிந்துரைப்பவர்கள் நிச்சயம் வருவார்கள். குரல் அவ்வளவு நெருக்கம். 1972-இல் அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்திலிருந்து இவருடைய 'ஹார்ட் ஆஃப் கோல்டு' பாட்டை இறக்கிவிட்டு அங்கே ஏறியதும் அதே பாட்டுத்தான். இரண்டாவது, 'ஹார்வெஸ்ட்' பாட்டும் 'ஹார்வெஸ்ட் மூன்' பாட்டும். முன்னது 1972, பின்னது 1992. சீட்டில் 'ஹார்வெஸ்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் எழுதியவர் எதை நினைத்தார் என்று எண்ணுபவருக்குத் தெரியாது, ஊகிக்கவும் கூடாது.

3. பட்டியலுக்கு எண் கொடுத்து மூடுங்கள்

நாற்பது பாடல்கள் போதும். அறுபதைத் தாண்டினால் யாரும் எல்லாவற்றையும் கேட்க மாட்டார்கள், கேட்காத பாட்டுக்கு விழும் வாக்கு பெயருக்கு விழுந்த வாக்காகவே இருக்கும். ஒவ்வொரு ரசிகரும் ஐந்து பாடல்களைப் பரிந்துரைக்கட்டும். இரண்டு பேருக்கு மேல் பரிந்துரைத்தவற்றை எடுத்துக்கொண்டு, இடம் மிஞ்சினால் கேட்கப்படாத ஆல்பங்களிலிருந்து சிலவற்றைக் குழுவே சேர்க்கட்டும். அப்படிச் சேர்க்காவிட்டால் 1969-க்கும் 1979-க்கும் இடைப்பட்ட பாடல்களே பட்டியல் முழுவதையும் நிரப்பிவிடும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் 1 முதல் 40 வரை எண் கொடுங்கள். வாக்குச்சீட்டில் எண்ணைத்தான் எழுத வேண்டும், பெயரை எழுதக் கூடாது. ஆங்கிலப் பெயரைத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம், கையெழுத்தும் ஆளுக்கொரு விதம். எண்ணில் அந்தக் குழப்பம் இல்லை. பெயர், ஆல்பம், ஆண்டு, ஒலிக்கும் நேரம் ஆகிய நான்கையும் எண்ணுக்கு எதிரே எழுதிப் பட்டியலை வெளியிட்டு, ஆட்சேபத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். அந்த வாரம் முடிந்ததும் பட்டியலின் கீழே தேதியிட்டு மூவர் கையெழுத்துப் போட்டு மூடிவிடுங்கள். அதன் பிறகு எவ்வளவு நல்ல பாட்டு நினைவுக்கு வந்தாலும் அது அடுத்த ஆண்டுக்குரியது.

ஆங்கிலம் புரியாத ரசிகர்களுக்காக ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு மூன்று வரிகளில் தமிழில் பொருள் எழுதிக் கொடுங்கள். 'ஓஹாயோ' 1970 மே மாதத்தில் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டி எழுதப்பட்டது என்ற ஒரு வரி தெரிந்த பிறகு கேட்பதும், தெரியாமல் கேட்பதும் வேறு வேறு. பாடல் வரிகளை முழுமையாக ஜெராக்ஸ் எடுத்து விநியோகிப்பதும், முழுப் பாட்டையும் மொழிபெயர்த்து அச்சிடுவதும் உரிமையாளரின் அனுமதி வேண்டியவை. ஆகவே சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. கேட்கும் கூட்டத்துக்கு நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு பாட்டுக்குச் சராசரி ஐந்து நிமிடம் என்றால் நாற்பது பாடல்களுக்கு 200 நிமிடம். மூன்று மணி இருபது நிமிடம். ஒரே அமர்வில் இதைக் கேட்க முடியாது. இருபது இருபதாக இரண்டு மாலைகளில் பிரியுங்கள். சராசரியை மட்டும் நம்பவும் வேண்டாம். 'கௌகர்ல் இன் த சாண்ட்', 'டவுன் பை த ரிவர்', 'லைக் எ ஹரிகேன்', 'கோர்டெஸ் த கில்லர்' ஆகிய நான்கும் சேர்ந்தாலே ஏறத்தாழ 35 நிமிடம். 2012-இல் வந்த 'டிரிஃப்டின் பேக்' ஒன்றே 27 நிமிடத்துக்கு மேல் ஓடும். மறுபக்கம், 'டில் த மார்னிங் கம்ஸ்' ஒன்றரை நிமிடம்கூட இல்லை. நீண்ட பாடல்களை இரண்டு மாலைகளுக்கும் சமமாகப் பங்கிட்டு, எந்தப் பாட்டையும் நடுவில் நிறுத்தாதீர்கள். கிட்டார் பகுதி நீளமாக இருக்கிறது என்று வெட்டினால், அந்தப் பாட்டில் வெட்ட வேண்டாத பகுதியைத்தான் வெட்டியிருப்பீர்கள்.

ஒலிக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கடைசியில் கேட்டது மனத்தில் பசுமையாக நிற்பதால், யாரோ ஒருவர் விருப்பப்படி வரிசை அமைத்தால் அது முடிவைச் சாய்த்துவிடும். பாட்டு ஓடும்போது 'இதுதான் அவருடைய உச்சம்' என்பது போன்ற விளக்கங்களும் கூடாது.

ஒலிப்பதிவுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் நேரடியாக ஓடவிடலாம் என்று நம்பி வராதீர்கள். 2022 ஜனவரியில் நீல் யங் தம் பாடல்களை ஸ்பாட்டிஃபை தளத்திலிருந்து விலக்கிக்கொண்டு, 2024 மார்ச்சில்தான் மீண்டும் அனுமதித்தார். அந்த இடைக்காலத்தில் அந்தத் தளத்து பிளேலிஸ்ட்டை நம்பியிருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தளங்கள் இருந்தாலும், மண்டபத்துக்குக் கிழக்கே மாலை நேரத்தில் அலைபேசி இணைப்பு சீராக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சந்தா உள்ளவர் ஒருவர் வீட்டிலேயே நாற்பதையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளட்டும். 320 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடத்துக்கு 2.4 எம்.பி. ஆகும், 200 நிமிடத்துக்கு 480 எம்.பி. ஒரு நாள் டேட்டாவுக்குள் அடங்கிவிடும் அளவுதான்.

ஸ்பீக்கரைக் கூட்டத்துக்கு முதல் நாளே சோதியுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஸ்பீக்கர் வயரின் முனைகளும் ஜாக்கும் பச்சை பூத்துப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது, கழற்றினால்தான் தெரியும். தொடர்பு விட்டுப்போனால் இரண்டு பக்கங்களில் ஒன்று மட்டும் ஒலிக்கும், பேச்சுக்கு அது போதும் என்பதால் வாடகைக்குக் கொடுப்பவர் அதைக் கவனித்திருக்க மாட்டார். ஆனால் 'டவுன் பை த ரிவர்' போன்ற 1969 காலத்துப் பதிவில் ஒரு கிட்டார் இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு பக்கம் ஊமையானால் அந்த இரண்டு கிட்டார்களின் உரையாடலில் ஒருவருடைய பேச்சு மட்டுமே கேட்கும், அதைக் கேட்டுத்தான் மக்கள் வாக்களிப்பார்கள். முனைகளை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, அந்தப் பாட்டையே சோதனைக்கு ஓடவிடுங்கள். மே மாதத்தில் கச்சான் காற்று எழும்பினால் தென்கடல் பக்கத்துச் சன்னல்களைச் சாத்திவிடுங்கள். மெல்லிய தனிக் கிட்டார்ப் பாடல்கள் காற்றின் இரைச்சலில் கரைந்துவிடும்.

5. இடமும் கடிதங்களும்

முப்பது பேருக்குக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூடமோ, பள்ளி வகுப்பறையோ, சமுதாயக்கூடமோ போதும். எதுவாக இருந்தாலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு கூடத்தில் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட மாலையை, கடைசி வாரத்தில் ஒரு காதுகுத்து விழாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டபோது 'நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லையே' என்று பதில் வந்தது. அந்த அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.

கடிதத்தில் நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வரும் ஆள்களின் எண்ணிக்கை, கட்டணம் வசூலிக்கவில்லை என்ற வாசகம், பொறுப்பாளரின் பெயர், அலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு மூன்று வாரங்களுக்கு முன் கொடுத்தால், மேலதிகாரியின் ஒப்புதல் தேவைப்பட்டாலும் நேரம் இருக்கும்.

ஒலிபெருக்கிக்கான சட்டம், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் வைக்கவே கூடாது. மூடிய கூடத்துக்குள் அங்கிருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வைப்பதற்கு விதியில் இடம் இருக்கிறது என்றாலும், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. கூடத்துக்கு வெளியே குழாய் ஸ்பீக்கர் கட்டும் யோசனையை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

பதிவுகளைப் பொதுவில் ஒலிக்கவிடுவது பதிப்புரிமைக்கு உட்பட்டது. இலாப நோக்கமற்ற சங்கம் அல்லது அதுபோன்ற அமைப்பு தன் செயல்பாட்டின் பகுதியாகப் பதிவை ஒலிக்கவிடுவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. நுழைவுக் கட்டணமோ விளம்பரதாரரோ வந்துவிட்டால் அந்த விலக்கைச் சொல்லிக்கொள்வது கடினம். அப்போது பாடலுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியே உரிமம் வாங்க வேண்டிவரும். கட்டணமில்லாமல் நடத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

கூட்டத்தை இரவு எட்டரை மணிக்குள் முடியுங்கள். தீவுக்குத் திரும்பும் நண்பர்களும் கீழக்கரை, தேவிபட்டினம் திரும்பும் நண்பர்களும் கடைசிப் பேருந்தை விடக் கூடாது. பெண்கள் வர வேண்டும் என்று விரும்பினால், மாலை நான்கு மணிக்கே தொடங்குவதுதான் ஒரே வழி.

6. வாக்குச்சீட்டு

ஒருவர் பத்துப் பாடல்களை வரிசைப்படுத்தட்டும். சீட்டில் 1 முதல் 10 வரை பத்துக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பாட்டின் எண். மேலே பெயரும் அலைபேசி எண்ணும் மட்டும். ஆதார் எண்ணோ வீட்டு முகவரியோ கேட்காதீர்கள், இந்த வேலைக்கு அவை வேண்டியதில்லை. இரண்டு மாலைகளில் ஒன்றுக்காவது வந்தவர்களுக்கே சீட்டு என்ற விதி சிலருக்குக் கடுமையாகத் தெரியலாம். ஆயினும் அதைத் தளர்த்தாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு மட்டும் பட்டியலை அனுப்பி, கூகுள் படிவம் வழியாக வாங்கிக்கொள்ளலாம். படிவத்தில் கட்ட வடிவக் கேள்வியைத் தேர்ந்து, ஒரு நெடுவரிசைக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாட்டைப் போட்டால் ஒரே இடத்தை இரண்டு பாடல்களுக்குக் கொடுக்க முடியாது.

வாட்ஸ்அப் குழுவில் உள்ள வாக்கெடுப்பு வசதியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் 12 தேர்வுகளுக்கு மேல் வைக்க முடியாது, வரிசையும் கொடுக்க முடியாது, யார் எதற்கு வாக்களித்தார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். குழுவில் மூத்தவர் ஒருவர் முதலில் தொட்டுவிட்டால் மற்றவர்களும் அவர் பின்னாலேயே போய்விடுவார்கள்.

7. எண்ணிக்கை

முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 9, இப்படிப் பத்தாமிடத்துக்கு 1 என்பது எளிய முறை. இதன் இயல்பை ஒரு கணக்கில் பாருங்கள். முப்பது பேர் வாக்களிக்கிறார்கள். ஒரு பாட்டை எட்டுப் பேர் முதலிடத்தில் வைக்கிறார்கள், மற்றவர்கள் தொடவே இல்லை. அதற்கு 80 புள்ளி. இன்னொன்றைப் பதினெட்டுப் பேர் ஐந்தாமிடத்தில் வைக்கிறார்கள், அதற்கு 108. பரவலாகப் பிடித்த பாட்டு வெல்கிறது. அதே சீட்டுகளை 20, 15, 12, 10, 8, 6, 4, 3, 2, 1 என்ற அளவில் எண்ணினால் முதலாவதற்கு 160, இரண்டாவதற்கு 144. ஆழமாகப் பிடித்த பாட்டு வெல்கிறது. சீட்டுகள் மாறவில்லை, முடிவு மட்டும் தலைகீழாகிறது. எந்த அளவை எடுப்பது என்பதை முன்கூட்டியே எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பலரும் முதன்முறையாகக் கேட்க வரும் நம் வட்டாரக் கூட்டத்துக்குப் பத்து முதல் ஒன்று வரையிலான முறையே பொருத்தம் என்பது என் கருத்து.

சமநிலை வந்தால் அதிகச் சீட்டுகளில் இடம்பெற்ற பாட்டு மேலே. அதுவும் சமமானால் முதலிடங்கள் அதிகம் பெற்றது மேலே. அதுவும் சமமானால் இரண்டையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒரே பாட்டை இரண்டு கட்டங்களில் எழுதியிருந்தால் மேலுள்ளதை மட்டும் எண்ணி, மற்றதைக் காலியாகக் கொள்ளுங்கள். பத்துக் கட்டங்களையும் நிரப்பாத சீட்டையும் ஏற்றுக்கொள்ளலாம். எழுதிய இடங்களுக்கு மட்டும் புள்ளி.

எண்ணும்போது ஒருவர் வாசிக்க, இருவர் தனித்தனித் தாளில் குறிக்கட்டும். நிரம்பிய ஒரு சீட்டின் மொத்தப் புள்ளி 55. முப்பது சீட்டும் நிரம்பியிருந்தால், நாற்பது பாடல்களின் புள்ளிகளையும் கூட்டினால் 1650 வர வேண்டும். நிரம்பாத சீட்டுகளுக்குரிய குறைவைக் கழித்த பிறகும் அந்தத் தொகை வரவில்லையென்றால் எங்கோ பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்.

8. செலவு

பெரிய செலவு எதுவும் இல்லை. ஒருவருக்குப் பட்டியல் இரண்டு பக்கம், விதி ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம் என்றால் முப்பது பேருக்கு 120 பக்கம்; ஜெராக்ஸ் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றே வைத்தாலும் 240 ரூபாய். இரண்டு மாலைக்கும் தேநீர் 60 கோப்பை. ஸ்பீக்கர் வாடகை பேசும்போது ஏற்றி இறக்கும் கூலியும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடத்துக்கு வாடகை என்றால் மின்கட்டணமும் துப்புரவுக் கூலியும் தனியா என்பதையும் கேளுங்கள். இவைதான் முடிவில் எதிர்பாராமல் வந்து நிற்பவை. நன்கொடையாக வந்த தொகையையும் செலவையும் ஒரே நோட்டில் எழுதி, முடிவோடு சேர்த்து வெளியிடுங்கள்.

9. முடிவை வெளியிடும்போது

முதல் இருபத்தைந்து இடங்களை மட்டும் வெளியிட்டால் போதும். அதற்குக் கீழே இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தில் பாடல்கள் நெருக்கமாக நிற்கும். அந்த வரிசைக்குப் பெரிய பொருள் இல்லை. ஒவ்வோர் இடத்துக்கும் பாட்டின் பெயர், ஆண்டு, மொத்தப் புள்ளி, எத்தனை சீட்டுகளில் வந்தது, எத்தனை முதலிடம் என்ற ஐந்தையும் கொடுங்கள். நாற்பத்தைந்து புள்ளியில் எட்டாமிடத்தில் நிற்கும் ஒரு பாட்டை ஐந்தே பேர் சேர்ந்து தூக்கி வைத்திருக்கலாம். அதை அறிந்த வாசகர் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்பார். வாக்களித்தவர்களின் எண்ணிக்கையைத் தலைப்புக்குக் கீழேயே எழுதுங்கள். முப்பது பேரின் முடிவை மாவட்டத்தின் முடிவு என்று அறிவிக்கக் கூடாது.

தனிப்பட்டவர்களின் சீட்டுகளை அவர்கள் சம்மதமின்றி வெளியிடாதீர்கள். சந்தேகம் எழுப்புபவர் நேரில் வந்து, பெயரை மறைத்த சீட்டுகளை எண்ணிப் பார்க்கலாம் என்று அறிவித்து, அதற்குப் பதினைந்து நாள் கொடுங்கள். பிழை நிரூபிக்கப்பட்டால் திருத்திய பட்டியலைத் திருத்திய தேதியுடன் மீண்டும் வெளியிடுங்கள். சீட்டுகளை அடுத்த வாக்கெடுப்பு வரை பிளாஸ்டிக் உறையில் போட்டு, உப்புக்காற்று படாத பெட்டியில் வைத்திருங்கள். அலைபேசி எண்கள் இருக்கும் மேல்பகுதியை மட்டும் பதினைந்து நாள் கெடு முடிந்ததும் கத்தரித்து அழித்துவிடுங்கள்.